"கிளையன்ட் இன்னும் தயாராக இல்லை" என்று எழுதுகிறோமே, தயாராகாதது யார்?

நொச்சி_மதுரை எழுதியது:

வணக்கம். வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்யும் கவுன்சிலர்களுக்கு நான் சூப்பர்விஷன் கொடுக்கிறேன், அதாவது அவர்களுடைய கேஸ்களைப் பற்றிப் பேசி வழிகாட்டுகிறேன். அவர்கள் கொண்டுவரும் கேஸ் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: "கிளையன்ட் இன்னும் பேசத் தயாராக இல்லை." அடுத்த அமர்விலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே. பிறகு கிளையன்ட் வருவதே நின்றுவிடுகிறது.

அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் விஷயம் வேறாக இருக்கிறது. அந்தப் பெண் "அன்னைக்கு ராத்திரி..." என்று ஆரம்பித்திருப்பாள். உடனே கவுன்சிலர் "ஒரு நிமிஷம், மூச்சை மெதுவா உள்ளே இழுங்க" என்றிருப்பார். இல்லையென்றால் "அப்போ உங்களுக்கு என்ன வயசு, வீட்ல வேற யார் இருந்தாங்க" என்று படிவத்துக்குள் போயிருப்பார். தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பார். "இவ்வளவையும் தாண்டி வந்திருக்கீங்களே, எவ்வளவு தைரியசாலி நீங்க" என்று பாராட்டியிருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல காரியம். பயிற்சியில் நாமே சொல்லிக் கொடுப்பவை. அவை எந்த நொடியில் வந்தன என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "அவங்க உடைஞ்சிடுவாங்களோன்னு பயமா இருந்தது மேடம்" என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், "எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது" என்பார்கள். அந்த இரண்டாவது பதிலைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

கேட்கிறவருக்குள் ஒரு மறுப்பு எழுகிறது. பெரும்பாலும் அது அக்கறையின் முகத்தோடு வருவதால் அவருக்கே பிடிபடுவதில்லை. கிளையன்டின் எதிர்ப்பைப் பற்றி வகுப்பு வகுப்பாகப் படித்தோம். நம்முடையதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. உங்களிடம் அது எப்படி வருகிறது? கிளையன்டை அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம்.

ரமா_திருச்சி எழுதியது:

மேடம், நீங்கள் சொல்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இதை இப்படியே விட எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் அரசு மருத்துவமனையில் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர். ஓபி நாளில் ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். கதவு முழுசாகச் சாத்தாது. வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் ஒருத்தி "அன்னைக்கு ராத்திரி" என்று ஆரம்பித்தால் நான் நிறுத்தத்தான் செய்வேன். பேச வைத்துவிட்டு, அழுகை அடங்குவதற்குள் பஸ் ஏற்றி அனுப்புவது அதைவிடக் கொடுமை. அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு. அடித்தவனும் அங்கேதான் இருக்கிறான்.

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் சொன்ன மீட்சியின் மூன்று கட்டங்களில் முதலாவது பாதுகாப்பு. நினைவுகூர்ந்து துக்கப்படுவதெல்லாம் அதற்கப்புறம். எல்லா நிறுத்தத்துக்கும் கவுன்சிலரின் மனசுதான் காரணம் என்று சொல்ல ஆரம்பித்தால், புதிதாக வருகிற பிள்ளைகள் தங்களை நிரூபிக்க எல்லாரையும் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் இதைக் கண்ணால் பார்த்தேன். வெளியூரிலிருந்து ஒரு குழு போனதும் இன்னொரு குழு வரும். அதே குழந்தைகளிடம் மறுபடியும் அலையை வரையச் சொல்வார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அப்போது வேண்டியிருந்தது பள்ளிக்கூடமும் விளையாட்டும், தினம் வந்து போகிற ஒரே முகமும்.

பழைய_மேசை எழுதியது:

ரமா சொல்வது முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நொச்சி கேட்டதற்கு. இந்த மறுப்பு நம் தலைமுறையில் வந்ததில்லை; நம் துறை பிறந்தபோதே கூடப் பிறந்தது.

1896 ஏப்ரலில் வியன்னா மருத்துவர்கள் முன்னால் ஃபிராய்டு 18 நோயாளிகளை வைத்து ஒரு உரை நிகழ்த்தினார். ஹிஸ்டீரியாவின் அடியில் சிறுவயதுப் பாலியல் வன்முறை இருக்கிறது என்பது அவர் வாதம். தலைமை வகித்த மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங், அறிவியலின் தேவதைக் கதை போல இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார். அடுத்த வருடம் செப்டம்பரில் ஃபிராய்டே நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கோட்பாட்டைத் தான் இனி நம்பவில்லை என்றார். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தன் தந்தை உட்பட எல்லாத் தந்தையர் மீதும் குற்றம் சுமத்த வேண்டி வரும் என்பது. அவர் மாறியதற்கு முழுக் காரணம் எது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. ஆனால் அந்த ஒரு காரணத்தை நான் சாதாரணமாகக் கடந்து போக முடிவதில்லை. கேட்டதை நம்பினால் தன் வீட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அதே ஃபிராய்டுதான் 1910-ல், எந்த உளப்பகுப்பாய்வாளரும் தன் சொந்தச் சிக்கல்களும் உள் எதிர்ப்புகளும் விடுகிற தூரத்துக்கு மேல் போவதில்லை என்று எழுதினார். நொச்சியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

1932-ல் ஃபிராய்டின் நெருங்கிய சகாவான ஃபெரென்சி, ஜெர்மனியின் வீஸ்பாடன் மாநாட்டில் இன்னும் ஒரு படி போனார். சிகிச்சை தருகிறவரின் கண்ணியமான குளிர்ச்சியே, குழந்தைப் பருவத்தில் பெரியவர்கள் செய்ததைத் திரும்பவும் செய்கிறது என்றார். நோயாளிக்கு அது தெரிகிறது, ஆனால் சொல்ல மாட்டார், நம்மைக் காப்பாற்ற நம் விருப்பத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்வார் என்றார். அந்த உரையைப் படிக்க வேண்டாம் என்று ஃபிராய்டே தடுத்துப் பார்த்தார். அது ஆங்கிலத்தில் வர 1949 ஆனது.

இன்னொன்று, பயிற்சி வகுப்புகளில் நான் விடாமல் சொல்வது. 1969-ல் பாஸ்டன் ராணுவ வீரர் மருத்துவமனையில் சாரா ஹேலி என்ற சமூகப் பணியாளர் புதிதாகச் சேர்கிறார். வியட்நாமிலிருந்து வந்த ஒரு வீரர், தன் படைப்பிரிவு மை லாய் என்ற ஊரில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது என்று அழுகிறார். அந்தச் செய்தி பத்திரிகைகளில் இன்னும் வராத சமயம். கேஸ் மாநாட்டில் மூத்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் இது சித்தப்பிரமை, பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா என்கிறார்கள். ஹேலி மட்டும் மறுக்கிறார். போரில் என்னவெல்லாம் நடக்கும் என்று அவருடைய அப்பா வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1974-ல் அவர் எழுதிய கட்டுரையின் மையமான விஷயம் கடுமையானது: இப்படிப்பட்ட நோயாளியைக் கேட்க வேண்டுமானால், அதே நெருக்கடியில், அதே அனுமதியோடு நின்றிருந்தால் நானும் கொன்றிருப்பேனோ என்று சிகிச்சையாளர் தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும். அதைக் கேட்க முடியாதவருக்கு நோயாளியைப் பைத்தியம் என்பது சௌகரியம்.

சுடர் எழுதியது:

எம்.எஸ்ஸி முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். ஒரு கிளையன்ட் நடந்ததை எந்த உணர்ச்சியும் இல்லாமல், செய்தி வாசிக்கிற குரலில் சொல்வார். எனக்கு அப்போது தூக்கம் தூக்கமாக வரும். ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தாலும் வரும். அவர் போன பிறகு தெளிந்துவிடும். இதுவும் நீங்கள் சொல்கிற மறுப்புதானா? அல்லது எனக்கு இந்த வேலை சரிப்படாதா?

நொச்சி_மதுரை எழுதியது:

சுடர், இந்த வேலை உனக்குச் சரிப்படும். தூக்கம் வருவதைக் கவனித்திருக்கிறாய், அவர் போனதும் தெளிகிறது என்பதையும் கவனித்திருக்கிறாய். பல பேர் காபி குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

அவர் தன் உடம்பை விட்டு விலகி நின்று பேசுகிறார். நீயும் அவரோடு விலகுகிறாய். ஒரு பாதி அவருடைய உணர்வற்ற நிலை உனக்குத் தொற்றுவது, இன்னொரு பாதி உன் மனம் தானாகவே கதவைச் சாத்திக்கொள்வது. எது எவ்வளவு என்று அங்கேயே பிரித்துப் பார்க்க முடியாது. பாதம் இரண்டையும் தரையில் அழுத்து. நாற்காலியின் முதுகு உன் முதுகில் படுவதை உணரு. பிறகு அவரிடமே மெதுவாகக் கேள்: "இதைச் சொல்றப்ப உடம்புல ஏதாவது தெரியுதா, இல்ல மரத்துப்போன மாதிரி இருக்கா?" உன் தூக்கம் அவரைப் பற்றிய ஒரு தகவலாக மாறிவிடும். 1950-ல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமான் சொன்னது இதுதான்: சிகிச்சையாளருக்குள் எழுவது இடைஞ்சல் மட்டுமில்லை, கருவியும்கூட.

வன்னித்தும்பி எழுதியது:

வணக்கம் அக்கா, சேர். நான் வன்னியில உளவளத்துணையாளரா வேலை செய்யிறன். நீங்கள் எழுதிறதில பட்டவர் ஒரு பக்கம், கேக்கிறவர் மற்றப் பக்கம் எண்டு இருக்கு. எங்களுக்கு அந்தப் பிரிவு இல்லை. 2009-ல அந்த அம்மா எந்தப் பங்கருக்குள்ள இருந்தாவோ, அதுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் நாங்களும் இருந்தனாங்கள். பிறகு மெனிக்பாம் முகாமில தறப்பாளுக்குக் கீழயும் ஒண்டாத்தான் கிடந்தனாங்கள்.

அதால எங்கட ஆக்களிட்ட மறுப்பு "இப்பிடியும் நடக்குமோ" எண்டு வாறேல்லை. "எனக்குத் தெரியும்" எண்டுதான் வரும். அந்த அம்மா "செல் விழுந்த உடன..." எண்டு தொடங்குவா, நாங்கள் தலையாட்டுவம். தெரியும் அம்மா, விளங்குது அம்மா. அவ அதில நிப்பாட்டிடுவா. தெரியும் எண்டு சொல்லுற ஆளுக்கு மேல சொல்ல என்ன கிடக்கு? அவவின்ர கதை வாறதுக்கு முதலே எங்கட கதை வந்து அந்த இடத்தில குந்தியிடும். அதால நான் இப்ப பயிற்சிக்கு வாற பிள்ளையளுக்குச் சொல்லுறது: ஒரே ஊர், ஒரே நாள், ஒரே பங்கர் எண்டாலும் தெரியாத ஆள் மாதிரிக் கேளுங்கோ.

இன்னொண்டு சொல்ல வேணும். போர் முடிஞ்ச கையோட வடக்கில உளசமூக வேலைக்கு அனுமதி எடுக்கிறதே பெரும்பாடு. சனாதிபதி செயலணி ஓம் எண்டு சொல்ல வேணும். கட்டிடம் கட்டலாம், தையல் மெசின் குடுக்கலாம். சனத்தைக் கதைக்க விடுற வேலை எண்டால் கேள்வி வரும். அந்தக் காலத்தில நாங்கள் சிலதைக் கேக்காமல் விட்டது பயத்தால எண்டாலும் அது தேவையான பயம். எழுதி வைச்சால் ஆர் வாசிப்பினம் எண்டு யோசிக்கத்தான் வேணும். ஆனா நெருக்கடி குறைஞ்ச பிறகும் கேக்காமல் விடுற பழக்கம் மட்டும் எங்களிட்டத் தங்கிட்டுது. இப்ப அதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற பேர் "சனம் மறக்க விரும்புது". ரமா அக்கா சொல்லுற வெளிக் காரணமும் நொச்சி அக்கா சொல்லுற உள் காரணமும் இப்பிடி ஒண்டுக்குள்ள ஒண்டு போயிடும்.

காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர அம்மாமாரோட வேலை செய்யேக்கதான் இது நல்லாத் தெரியும். கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20 போராட்டம் தொடங்கினது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மகன்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு வருசக்கணக்கா இருந்தவை. அவையோட இருந்து கதைச்ச உளவளத்துணையாளர்மாரே சொல்லுவினம்: "செத்திட்டான் எண்டு ஏற்றுக்கொண்டால்தானே அம்மா ஆறும்?" ஆருக்கு ஆறும்? முடிவு தெரியாத காத்திருப்புக்குப் பக்கத்தில இருக்கிறது எங்களுக்குத்தான் தாங்கேலாமல் கிடக்கு. ஒரு முடிவைக் கட்டி அவவின்ர கையில குடுத்திட்டு நாங்கள் எழும்பிப் போக விரும்பிறம். அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இதைத் தெளிவில்லாத இழப்பு எண்டு சொல்லுறா. அதில இருக்கிறான், இல்லை எண்ட ரெண்டையும் ஒரே நேரத்தில பிடிச்சுக்கொண்டுதான் வாழ வேணும். அந்த அம்மாமார் அதைத்தான் செய்யினம். எங்களுக்குத்தான் அது பழகேல்லை.

இடைவெளி எழுதியது:

நான் கவுன்சிலர் இல்லை, கிளையன்ட். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. தவறென்றால் நீக்கிவிடுங்கள்.

நீங்கள் எல்லாரும் இதை உங்களுக்குள் நடக்கிற ஒன்றாகப் பேசுகிறீர்கள். அது எங்களுக்கு வெளியே தெரிகிறது. பேனா நிற்கும். நாற்காலி கொஞ்சம் பின்னால் போகும். குரல் திடீரென்று குழந்தையிடம் பேசுகிற குரலாகும். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்தே இன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு வளர்ந்தவள் நான். உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரியாமல் போகாது.

முதலில் ஒருவரிடம் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். ரொம்ப நேரம் சுற்றி வளைத்து, கடைசியில் "அப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் "அப்பாவா, சித்தப்பாவா?" என்று கேட்டார். நான் "சித்தப்பா" என்றேன். அவரால் அவ்வளவுதான் தாங்க முடியும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு நடந்த அத்தனை அமர்விலும் இல்லாத ஒரு சித்தப்பாவைப் பற்றித்தான் பேசினோம். அவர் நல்ல மனிதர். என் குறிப்பில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருப்பார்.

பிறகு இன்னொருவரிடம் போனேன். அவருக்கும் முகம் மாறியது. ஆனால் சொன்னார்: "கேட்க எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் எங்கேயும் போகல. நிறுத்தணும்னா நீங்க நிறுத்துங்க, நான் நிறுத்த மாட்டேன்." அவர் கஷ்டப்படாதவராக நடித்திருந்தால் அப்பா என்ற வார்த்தை இரண்டாம் முறை என் வாயிலிருந்து வந்திருக்காது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்காக உங்களுக்குக் கோபம் வருவது நல்லதுதான். ஆனால் ரொம்பக் கோபப்படாதீர்கள். நீங்கள் அவரைத் திட்ட ஆரம்பித்தால் நான் அவருக்காக வாதாட ஆரம்பித்துவிடுவேன். அவர் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும்கூட. அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்.

ரமா_திருச்சி எழுதியது:

இடைவெளி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இங்கேயே இருங்கள்.

நான் முன்பு எழுதியதில் மாற்றமில்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். 2012-ல் வந்த அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் 21-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கேட்கிறவரின் காதில் என்ன செய்கிறது என்று நாம் பேசுவதில்லை. குழந்தை ஒரு பெயரைச் சொல்லப் போகிறது என்று தெரிகிற நொடியில் என் கண் முன்னால் ஸ்டேஷன், மருத்துவப் பரிசோதனை, கோர்ட்டு, அந்த வீட்டில் சமையல் நின்றுபோவது எல்லாம் வந்துவிடுகிறது. அப்போது பேச்சைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பத் தோன்றும். அது என் மனத்தடையா, நடைமுறை தெரிந்த ஆளின் எச்சரிக்கையா? எனக்கு நிஜமாகவே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பழைய_மேசை எழுதியது:

ரமா, தோண்டுவதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஆய்வுகளின் துணை உண்டு. பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைக்கும் டீப்ரீஃபிங் முறை பிடிஎஸ்டியை, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயை, தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. 2011-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டியும் நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்கிறது. நாகப்பட்டினத்தில் நீங்கள் பார்த்தது தவறுதான்.

ஆனால் அதே ஆய்வுலகம் மறுபக்கமும் பேசுகிறது. முறையாக நினைவை எதிர்கொள்ள வைக்கும் எக்ஸ்போஷர் சிகிச்சையை உருவாக்கிய எட்னா ஃபோவாவின் குழு, அதனால் அறிகுறிகள் மோசமாகின்றனவா என்று 2002-ல் பார்த்தது. சிறு பகுதியினருக்கே, அதுவும் தற்காலிகமாகவே, கூடின. அவர்களும் சிகிச்சையை விட்டு அதிகமாக ஓடவில்லை, பலனும் குறையவில்லை. இருந்தும் 2004-ல் அமெரிக்க உளவியலாளர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் பிடிஎஸ்டிக்கு இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை என்றார்கள். சொன்ன காரணங்களில் இரண்டு: பயிற்சி போதவில்லை, நோயாளிக்கு மோசமாகிவிடும் என்று பயம்.

முதல் கட்டம் பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி, பல பேருக்கு அந்த முதல் கட்டம் ஏன் முடிவதே இல்லை என்பது. மூச்சுப் பயிற்சியும் பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய்வதும் மாதக்கணக்கில் போகின்றன. யாருக்கு அந்தப் பாதுகாப்பு?

உங்கள் ஓபி அறையில் நிறுத்துவதற்கும் இந்த நிறுத்தத்துக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. நிறுத்துகிறபோது நீங்கள் அவளிடம் என்ன சொல்கிறீர்கள்? "நீ சொல்ல வந்தது எனக்குக் கேட்டுச்சு. இது பெரிய விஷயம், இந்தக் கதவு திறந்திருக்கிற இடத்துல அதைப் பேசக் கூடாது. வியாழக்கிழமை மத்தியானம் வா, தனியா உட்காரலாம்" என்று சொன்னால் அது அவளுக்கான நிறுத்தம். ஒன்றும் சொல்லாமல் மாத்திரை சாப்பிடுறியா என்று போய்விட்டால் அது நமக்கான நிறுத்தம். அவளுக்கு வித்தியாசம் புரியும்.

தகவல்களின் பின்னால் ஒளிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோரி லாப் என்ற மனநல மருத்துவர், தானே சிறுவயதில் ருமேனியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு முகாமிலிருந்து தப்பியவர், நாஜி முகாம்களில் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்களை 1979 முதல் வீடியோவில் பதிவு செய்த முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆஷ்விட்ஸில் கைதிகள் 1944 அக்டோபரில் கிளர்ந்தெழுந்ததைப் பார்த்த ஒரு பெண், நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்றார். தகர்ந்தது ஒன்றுதான், எனவே இந்தச் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று வரலாற்றாசிரியர்கள் சொன்னார்கள். லாப் மறுத்தார். நடக்கவே முடியாது என்று எல்லாரும் நம்பிய ஒன்று அந்த இடத்தில் நடந்தது என்பதற்கு அவள் சாட்சி என்றார். கேட்பவர் கொள்ளும் தற்காப்புகளில் ஒன்றாகவே விவரத்தின் மீதான இந்த வெறியை அவர் எழுதியிருக்கிறார். இடைவெளியிடம் கேட்கப்பட்ட "அப்பாவா, சித்தப்பாவா" என்ற கேள்வியும் பார்வைக்குத் தகவல் கேட்கும் கேள்விதான்.

நொச்சி_மதுரை எழுதியது:

விலகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆய்வாளர்கள் ஜான் வில்சனும் ஜேக்கப் லிண்டியும் 1994-ல் இதை இரண்டு திசையாகப் பிரித்தார்கள். ஒன்று விலகல், இன்னொன்று அளவு மீறி ஒட்டிக்கொள்ளுதல். ராத்திரி பதினொரு மணிக்கு போன் எடுப்பது, கட்டணம் வேண்டாம் என்பது, என்னை விட்டால் அவளுக்கு யார் என்று நினைப்பது, கேட்கத் தேவையில்லாத விவரங்களை எல்லாம் கேட்பது. இதுவும் அதே தாங்க முடியாமையின் இன்னொரு பக்கம்தான். காப்பாற்றுவதில் மும்முரமாக இருக்கும்போது கேட்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியக் கூடாது. சாதி. வன்கொடுமைக்கு ஆளான ஒரு தலித் பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், கேட்கிறவர் ஆதிக்கச் சாதியில் பிறந்தவர். அவள் செய்தவர்களின் தெருப் பெயரைச் சொன்னதும் கேட்கிறவருக்குள் ஒன்று விறைக்கிறது. "அதை விடுங்க, உங்க உணர்வைப் பத்திப் பேசலாம்" என்று வருகிறது. சாதியை எடுத்துவிட்டால் அவள் உணர்வில் என்ன மிச்சம்? சூப்பர்விஷனில் நான் பார்க்கிற மறுப்புகளிலேயே மிகக் கடினமானது இது. மற்றதையெல்லாம் பயம், துக்கம் என்று ஒப்புக்கொள்வார்கள். இங்கே மட்டும் "நான் அதெல்லாம் பார்க்கிறதில்ல மேடம்" என்று முடித்துவிடுவார்கள்.

மை லாய் வீரரை நம்ப மறுத்த அறை அமெரிக்காவில் மட்டும் இல்லை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆனது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. அந்தப் பெண்கள் அத்தனை வருடமும் அதே கதையை மாறாமல் சொன்னார்கள். மலையாளி பழங்குடிப் பெண்கள் சொன்னதை நம்புவதற்கு இவ்வளவு காலம் எடுத்த அதே சமூகத்தில்தான் நாமும் காது வளர்த்தோம். அறைக்குள் வரும்போது அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

சுடர் எழுதியது:

மேடம், அப்படியென்றால் என்ன செய்வது? தனிச் சூப்பர்விஷனுக்குப் பணம் கட்ட என்னால் முடியாது.

வன்னித்தும்பி எழுதியது:

தங்கச்சி, எங்களிட்டயும் காசு இல்லை. நாங்கள் செய்யிறதைச் சொல்லுறன். மாசத்தில ஒருநாள் சில பேர் கூடுவம். கேஸை முழுசாச் சொல்லுறேல்லை. ஒவ்வொரு ஆளும் ஒரு நொடியை மட்டும் கொண்டு வருவினம்: கதையைத் திருப்பின நொடி. அதுக்கு முதல் அவ என்ன சொன்னவ, நீ என்ன சொன்னனீ, உன்ர உடம்பில எங்க என்ன நடந்தது. மற்ற ஆக்கள் ஆலோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேக்கலாம். அழுகை வந்தால் அழலாம். முடிய எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டிட்டுத்தான் போவம், ஒருத்தரையும் அப்பிடியே வீட்டை அனுப்பிறேல்லை.

இன்னொண்டு, ஒரே நாளில பாரமான கதையளை வரிசையா வைக்காதையுங்கோ. மேலதிகாரியோட சண்டை பிடிச்செண்டாலும் இடையில வேற வேலை வையுங்கோ. மக்கான், பேர்ல்மன் எண்ட உளவியலாளர் ரெண்டு பேரும் 1990-ல சொன்ன மாதிரி, கேட்ட கதையள் எங்கட உலகத்தையே மாத்திப்போடும். ஆரை நம்பலாம், பிள்ளையை ஆரிட்ட விடலாம் எண்டதெல்லாம் மாறும். அது பலவீனம் இல்லை. ஆனா கவனிக்காமல் விட்டால் அடுத்த ஆளின்ர கதையைக் கேக்க உள்ளுக்க இடம் இருக்காது.

இடைவெளி எழுதியது:

அந்த மாதிரிக் கூட்டத்தில் எங்களில் ஒருவர் இருக்க முடியுமா?

நொச்சி_மதுரை எழுதியது:

கேஸ் பேசுகிற கூட்டத்தில் முடியாது, மற்ற கிளையன்டுகளின் ரகசியம் இருக்கிறது. ஆனால் பயிற்சியில் முடியும், முடிய வேண்டும். நீங்கள் மேலே எழுதியதைப் பெயரில்லாமல் அடுத்த பயிற்சியில் வாசிக்க அனுமதி தருவீர்களா? அந்த "அப்பாவா, சித்தப்பாவா" பகுதியை மட்டும்.

சுடர், ரமா, இங்கே தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் ஆன்லைனில் மாதம் ஒரு முறை கூடலாம். தும்பி சொன்ன விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். கட்டணம் கிடையாது.

இடைவெளி எழுதியது:

வாசியுங்கள். முழுசாக வாசித்தாலும் சரி. சைக்கிளையும் விட்டுவிடாதீர்கள்.

ரமா_திருச்சி எழுதியது:

நான் வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் டியூட்டி இருக்காது.

பழைய_மேசை சார், வியாழக்கிழமை வரச் சொல்வது என் இடத்தில் நடக்கும், டாக்டரிடம் பேசி ஒரு அறை வாங்கலாம். போக்சோ கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பழைய_மேசை எழுதியது:

எச்சரிக்கையா மனத்தடையா என்று அந்த நொடியில் தேடினால் கிடைக்காது ரமா. அதனால் அந்த நொடிக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். குழந்தை முதல் தடவை வந்து உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, உன்னைப் பாதுகாக்க சில பேர்கிட்ட சொல்லியாகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." அதற்கு மேல் பேசுவதா வேண்டாமா என்பது குழந்தையின் கையில் இருக்கும். ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாம் நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு வழக்கு முடியும் வரை கூட நிற்க ஒரு உதவி நபரை நியமிக்க முடியும். உங்கள் மாவட்டத்தில் அந்த வேலையை நன்றாகச் செய்கிறவர் யார் என்று இப்போதே விசாரித்து, அவர் எண்ணை மேசையில் எழுதி வையுங்கள். கூட நிற்க யார் வருவார் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெயர் வரும்போது பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கும் சரி.